மூன்றாவது கேள்வி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் விட்டால் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். பழைய லாம்பரெட்டா ஸ்கூட்டரை நாலு உதை உதைத்துக் கிளப்பி, நேராகச் சாணக்யபுரிக்குப் போவார். அங்கே தமிழ்நாட்டு அரசு விருந்தினர் மாளிகையின் சாப்பாட்டுக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, ஒரே ஒரு காபியை முக்கால் மணி நேரம் குடிப்பார். ஊரிலிருந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான்.

மறுநாள் சனிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் சேவைச் சங்கத்தின் வாராந்தரக் கூட்டம். வாரம் தவறாமல் ஒரு சிறப்பு விருந்தினர் வந்து பேச வேண்டும். அவரைப் பிடித்து வருவது செயலாளரின் வேலை. பதினோரு வருஷமாக அவர்தான் செயலாளர்.

"டில்லியில தமிழ்ப் பேச்சாளருக்குப் பஞ்சம்னு எவன் சொன்னான்? அங்க போய்ப் பாரும் வே. தயிர் சாதத்துக்கு ஊறுகா தேடுத முகம் எத்தனை இருக்கு! கையப் பிடிச்சு இழுத்துட்டு வரணும், அவ்வளவுதான்" என்பார்.

திருநெல்வேலிக்காரர். ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். அக்டோபர் முதல் மார்ச் வரை கழுத்தில் ஒரு பழுப்பு மஃப்ளர். சட்டைப் பையில் சின்ன நோட்டு, காதில் பென்சில். கோட்டும் சூட்டுமாக வரும் பெரிய மனிதர்களைக்கூட ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றித்தான் கூட்டி வருவார். டாக்சி வைக்கச் சங்கத்துக்கு வசதி இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த ஸ்கூட்டர் பயணத்தில்தான் அவர் தன்னுடைய மூன்று கேள்விகளைக் கேட்பார்.

"அண்ணாச்சி, பொறந்த ஊரு எது?"

விருந்தாளி அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்துவார்.

"மொத மொத என்ன வேல பாத்தீய?"

அதற்கும் ஒரு கத்தல்.

"இப்ப உங்களுக்கு என்ன கவலை?"

இந்த இடத்தில் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். காற்று இரைச்சலில் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்பார். சிவப்பு விளக்கு வந்ததும் காலை ஊன்றி, காதிலிருந்து பென்சிலை எடுத்து, மூன்று பதில்களையும் நோட்டில் எழுதுவார். பச்சை விழுந்த பிறகும் எழுதிக்கொண்டிருப்பார். பின்னால் பஸ்காரன் "அரே பாய்சாப்!" என்று அலறுவான்.

அந்த மூன்றுதான் மேடையில் அவருடைய அறிமுகவுரை. படிப்பு, பட்டம், பதவி எதுவும் கிடையாது. ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் அவுகளே பேச்சுக்கு நடுவுல எப்படியும் சொல்லிருவாவ. இதைத்தான் சொல்லமாட்டாவ" என்பார்.

எந்த மனுஷனுக்கும் நாற்பது நிமிஷம் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது என்று அவர் நம்பினார். நம்பினார் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. நமக்கெல்லாம் இரண்டு கை இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டா இருக்கிறோம்? அப்படித்தான் அவருக்கு அது. ஒரு பொங்கல் விழாவில் அவர் மனைவி எங்களிடம் சொன்னார்: "காஸ் சிலிண்டர் கொண்டு வாரவன இவுக லேசுல விடமாட்டாவ. உக்கார வெச்சு காப்பி குடுத்து, உனக்கு இப்ப என்ன கவலைன்னு இந்தியில கேப்பாவ. அவன் அடுத்த வீட்டுக்கு சிலிண்டர் போடலியேன்னுதான் கவலைம்பான்."

அவருடைய பெருமையைச் சொல்ல வேண்டுமானால் கிணற்றுக்காரர் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் சேருவதற்கு முந்தைய வருஷம் நடந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் பன்னிரண்டாம் எண் அறையில் தங்கியிருந்தார். முகம் பார்க்காமல் போனிலேயே சம்மதம் வாங்கிவிட்டார் செயலாளர். நீதிபதி முந்தின ராத்திரியே வெயில் விழுகிற அறை வேண்டும் என்று கேட்டு வேறு அறைக்கு மாறிவிட்டது இவருக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பன்னிரண்டாம் கதவைத் தட்டினார். வேட்டி கட்டிய ஒருவர் திறந்தார்.

"அண்ணாச்சி, கிளம்பலாமா?"

"எங்கீங்க?"

"பேசத்தான். நம்ம ஆளுக எல்லாரும் காத்துக் கிடக்காவ."

வக்கீல் அனுப்பிய ஆள் என்று நினைத்து அவரும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். பல்லடம் பக்கத்து விவசாயி. முதல் வேலை மாடு மேய்த்தது. இப்போதைய கவலை ஒரு கிணறு. எவ்வளவு எளிமையான நீதிபதி என்று இவருக்கு ஒரே புளகாங்கிதம். மேடையில் நீதிபதி அவர்களே என்று ஆரம்பித்ததும் அந்த மனுஷர் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, நான் ஜட்ஜு இல்லீங்க. கேஸு போட்டவனுங்க."

 செயலாளர் கையில் இருந்த நோட்டைக்கூடக் கீழே இறக்கவில்லையாம். "ரொம்ப நல்லதாப் போச்சு. ஜட்ஜுமாரு நாலு பேரு இதுவரைக்கும் பேசிட்டாவ. கேஸ் போட்டவரு இன்னைக்குத்தான் வந்திருக்காரு. எல்லாரும் உக்காருங்க" என்றார்.

அண்ணன் தம்பிக்குள் ஒரு கிணற்றுக்காகப் பதினோரு வருஷ வழக்கு, சுப்ரீம் கோர்ட் வரை வந்துவிட்டது. நடுவில் கிணறே வற்றிவிட்டது. "தண்ணி இல்லாத கெணத்துக்கு எதுக்குங்க கேஸுன்னு கேப்பீங்க. தண்ணி வந்துட்டா?" என்று அவர் கேட்டபோது சிரித்தவர்கள் பாதி, சிரிக்காதவர்கள் பாதி. டீயோடு வைக்கும் போண்டா ஆறிப் போன ஒரே கூட்டம் அதுதான் என்பார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வராந்தாவில் காத்திருந்த நிஜ நீதிபதியிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்த நீதிபதியும் வந்து பேசினார்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே முடிந்ததில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஸ்கூட்டரில் மூன்றாவது கேள்விக்கு அவர், மகள் தன்னோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். முதுகைப் பார்த்துப் பேசும்போது மனுஷனுக்கு எதையும் சொல்ல வந்துவிடுகிறது. செயலாளர் அதை அப்படியே மேடையில் வாசித்துவிட்டார். அந்த அதிகாரியின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். பத்து நிமிஷம் ஏதோ பேசிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சங்கத் தலைவர் ஒரு டெபுடி செக்ரட்டரி, தஞ்சாவூர்ப் பக்கம். "ஓய், அந்த மூணாவது கேள்விய விட்டுடும். நன்னாவே இல்ல" என்றார்.

"கவலையச் சொல்லாம அறிமுகம் பண்ணினா அது விசிட்டிங் கார்டுல்லா?" என்றார் இவர். ஆனால் அன்றைக்கு அவர் போண்டா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கேள்வியை விடவில்லை, "மேடையில சொல்லலாமா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஒன்பது வயதில் என்னைக் கள்ளக்குறிச்சியில் அரசாங்க ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, அதே மாதம் அப்பாவும் அம்மாவும் ஒரு மேஸ்திரியோடு டில்லிக்கு ரயிலேறினார்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். நான் பரீட்சை எழுதி கிளார்க் வேலை வாங்கியபோது அதுவும் டில்லியிலேயே கிடைத்தது. தெற்கே ஒரு சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் நம்மூர்க்காரர்களின் குடிசைகள் வரிசையாக இருந்தன. அங்கேதான் அவர்கள். நான் கோல் மார்க்கெட்டில் மூன்று பேரோடு ஒரு அறையில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் பிடித்துக் குடிசைக்குப் போவேன். அறைக்கு வர வேண்டாம் என்று அம்மாவிடம் நானே சொல்லியிருந்தேன். "அங்க இடம் கெடையாதும்மா" என்றேன். "சரி கண்ணு" என்றாள். 

அறைத் தோழன் ஒருவன்தான் என்னைச் சங்கத்துக்கு இழுத்துப் போனான். அறிமுகமான அன்றே யாரோ கேட்டார்கள், "அப்பா அம்மா எங்க இருக்கா?"

"ஊர்ல இருக்காங்க. கொஞ்சம் நெலம் இருக்கு."

சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை வந்தால் போதுமே, அப்புறம் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருஷக் குளிரில் சங்கத்தார் ஏழைத் தமிழர்களுக்குக் கம்பளி கொடுக்கக் கிளம்பினார்கள். எங்கே என்று விசாரித்தேன். எங்கள் குடிசைகள்தான். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அறையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தக் கம்பளியை எடுத்து என் மேல் போட்டாள். "நம்மூரு ஆளுங்கதான்டா. நல்லவங்க. வந்து குடுத்துட்டுப் போனாங்க" என்றாள்.

அடுத்த குளிர்காலம். ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. பேச வேண்டியவர் அணை கட்டும் இன்ஜினியர். எல்லாருக்கும் கார்டு போட்டாகிவிட்டது. பனிமூட்டத்தில் அவருடைய ரயில் ஆக்ராவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாலரை மணிக்கு விருந்தினர் மாளிகைக்குப் போன செயலாளருக்கு அப்போதுதான் செய்தி தெரிந்திருக்கிறது. வேறு யாராவது கிடைப்பார்களா என்று பார்த்தால் அன்றைக்கு ஒருவரும் இல்லை. வெளியே வந்து ஸ்கூட்டரை உதைக்கும்போது பின்தெருவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்திலிருந்து தமிழ்க் குரல் கேட்டிருக்கிறது. யாரோ ஒரு பெண் சாரத்தின் மேல் நின்றவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்து, கூட்டி வந்துவிட்டார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஹாலுக்குள் நுழைந்தேன். கரும்பலகையில் செயலாளரின் கோணல் எழுத்து: "இன்றைய விருந்தினர்: திருமதி பச்சையம்மாள். பொருள்: கட்டட வேலை."

எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பச்சையம்மாள் உண்டு. அதனால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் முன்வரிசையைப் பார்த்தேன்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் சிமெண்ட் தூசி. காலில் நான் போட்டுக் கழித்த கேன்வாஸ் ஷூ. விருந்தாளிக்குப் போர்த்துகிற சால்வையை அவளுக்கும் போர்த்தியிருக்கிறார்கள். அழுக்காகிவிடும் என்று அவள் அதை எடுத்து மடித்து மடியில் வைத்திருந்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்வை என் மேல் வந்தது, ஆனால் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜன்னலுக்குப் போய், அப்படியே சீலிங் ஃபேனுக்குப் போய்விட்டது. இவர்களுக்கெல்லாம் என்னைத் தெரியும், ஆனால் அவளைத் தெரியாது என்பதை ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். வெளியே போய்விட வேண்டும் என்று தோன்றியது. 

மேடை ஓரத்தில் தலைவரும் செயலாளரும் பேசுவது எனக்குக் கேட்டது.

"என்ன ஓய் இது? இன்ஜினியர் வரார்னு கார்டு போட்டிருக்கோம்."

"இன்ஜினியர் கோடு போட்டதைக் கட்டுதவுகளக் கூட்டியாந்திருக்கேன்."

"அவாளுக்கு மேடைல பேச வருமா?"

"ஸ்கூட்டர்ல வாய மூடாம வந்தாவ. பொறுத்துப் பாரும்."

பிரார்த்தனை, போன வாரத்து நடவடிக்கை, யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யாருக்கு ரத்தம் வேண்டும் எல்லாம் முடிந்தன. செயலாளர் எழுந்து நோட்டைப் பிரித்தார். நீதிபதிக்கும் அதிகாரிக்கும் எந்தக் குரலோ அதே குரல்தான்.

"இன்னைக்கு நம்ம விருந்தினர் பச்சையம்மாள் அவர்கள். பொறந்த ஊரு சின்னசேலத்துக்குப் பக்கம். மொத வேல, ஏழு வயசுல களை பறிச்சது. இப்போதைய கவலை, சொல்லலாம்னு அவுகளே சொல்லிட்டாவ: குடிசை மேல போட்டிருக்குத தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மகன் வருவான். அவன் தலையில பனி சொட்டுமேன்னு கவலை."

நான் குனிந்து என் ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து நின்றாள். மைக் முன்னால் வந்தாள்.  "என்னாத்த சொல்றது... நாங்க கல்லு மண்ணு செமக்கறவங்க" என்றாள். யாரோ இருமினார்கள். செயலாளர் தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காந்தே பேசுங்கம்மா. கான்கிரீட் போடுத அன்னைக்கு என்ன நடக்கும்னு என்கிட்ட சொன்னீயளே, அதைச் சொல்லுங்க."

"அதுங்களா? அன்னிக்கு நிறுத்தக் கூடாதுங்க." அம்மாவின் குரல் மாறியது. அது வேலை செய்கிற இடத்துக் குரல். "விடிகாலம் ஆரமிச்சா முடியற வரைக்கும் கை ஓயக் கூடாது. நடுவுல நிறுத்தி அப்புறம் போட்டீங்கன்னா அந்த எடத்துல ஒரு கோடு வுழும். கண்ணுக்குத் தெரியாது. மழை பேஞ்சா தெரியும். அந்தக் கோட்டு வழியா தண்ணி எறங்கும். மேல எத்தினி பூச்சு பூசினாலும் எறங்கும்."

பொதுப்பணித் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டாம் வரிசையில் இருந்து, "ரொம்பச் சரி" என்றார். அம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"சட்டிய கைமாத்துறப்ப மூஞ்சியப் பாக்கக் கூடாதுங்க, கையத்தான் பாக்கணும். மூஞ்சியப் பாத்தா செத்த பேசலாம்னு தோணும். பேசினா சட்டி வுழும். கீழ நிக்கிறவ தலையிலதான் வுழும். எட்டு மணி நேரம் ஒரு மூஞ்சியும் பாக்காம நிப்போம். டில்லிக்கு வந்து நான் கத்துக்கிட்ட மொத இந்தி 'ஜல்தி ஜல்தி'. ரெண்டாவது 'கல் ஆவோ', நாளைக்கு வான்னு. கூலி கேட்டா அதத்தான் சொல்லுவானுங்க."

ஹால் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். இருபத்தைந்து நிமிஷம் பேசியிருப்பாள். சாரம் கட்டும்போது எந்தக் கயிற்றை நம்பக் கூடாது, ஈர மணலின் கனம், டிசம்பரில் சிமெண்ட் தண்ணீரில் கை வைத்தால் தோல் எப்படி உரியும் என்றெல்லாம். எனக்கு இதில் பாதி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனால் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே தவிர, என்னிடம் அவள் இதையெல்லாம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

கைதட்டினார்கள். அடுத்து கேள்வி நேரம். தலைவரின் மனைவி எழுந்தார். நல்ல மனசுக்காரர், பிரியமாகத்தான் கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கான்னு சொன்னாரே, படிக்கறானா? எங்க இருக்கான்?"

அம்மா மடியிலிருந்த சால்வையைத் தடவினாள்.

"ஊர்ல இருக்காங்க. ஊர்ல."

நான் என்ன பொய்யைச் சொன்னேனோ அதையே அவளும் சொன்னாள். பேசி வைத்துக்கொண்ட மாதிரி. எனக்காகச் சொன்னாள். அதோடு விஷயம் முடிந்திருக்கும். மாமி தலையை ஆட்டி உட்கார்ந்தும்விட்டார். ஆனால் செயலாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாரான்னு சொன்னீயளே? நான் தப்பா எழுதிட்டேனா? ஊர்லேருந்து வாராவாரம் எப்படி வருவான்?"

அவர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அவர் நோட்டில் பிழை இருக்கிறதா என்பதுதான் அவருக்குக் கவலை. கவலையோடு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வேலைக்காரி மாதிரி, அத்தனை பேர் முன்னால், தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "இல்லீங்க... அது வந்து..." என்றாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"நோட்டுல இருக்கறதுதான் சார் சரி. ஞாயித்துக்கிழமை போறது நான்தான். அவங்க எங்கம்மா."

 செயலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது ஆச்சரியம் இல்லை, எரிச்சல்.

"ஏன்டே, முன்னாலயே சொல்லக் கூடாதா? அறிமுகம் அரைகுறையாப் போச்சுல்லா!"

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உக்காருடா" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

டீ நேரத்தில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். "நெலம் இருக்குன்னியே?" என்று கேட்டுவிட்டு ஒருவர் நகர்ந்து போனார், அதற்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைவர் டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"போன வருஷம் கம்பளி குடுக்கப் போனோமே, அந்த இடமா?"

"ஆமா சார்."

"காய்ச்சல்னு சொன்னியே."

"ஆமா சார்."

 "நாமளும் யார் என்னன்னு கேக்காம குடுத்துட்டு வந்தோம்" என்று மட்டும் சொன்னார். மாமி அம்மாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டாவது போண்டாவைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

செயலாளர் எங்கே என்று தேடினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவர் கூட்டம் முடிந்ததும் பனியில் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன்: "சார், நான் பொய் சொன்னதுக்கு..."

"அதக் கெட. கார்புரேட்டர்ல தண்ணி எறங்கியிருக்கு போல. கொஞ்சம் தள்ளு."

தள்ளினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. என்னை அவர் மன்னிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. மன்னிக்கவோ பாராட்டவோ இதில் ஒன்று இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. சித்தாள் மகன் கிளார்க் என்பது அவருக்கு, பல்லடத்துக்காரரின் கிணறு மாதிரி, நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டிய இன்னொரு தகவல். அந்த வெட்கம் எனக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறது என்று அன்றைக்கு அந்த ஸ்கூட்டரைத் தள்ளும்போது தெரிந்தது. அதற்கு அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதைச் சொல்ல நல்ல வார்த்தை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அம்மாவை அன்று என் அறைக்குக் கூட்டிப் போனேன். முதல் தடவை. கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். "எடம் இருக்குதேடா" என்றாள். குத்திக் காட்டவில்லை, அளந்து பார்த்துச் சொன்னாள். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டாள்:

"அந்த சாரு எழுதிக்கிட்டாரே, அதுல என்னா இருக்குது?"

"நீ சொன்னதுதாம்மா."

"நான் கைநாட்டு வெச்ச காயிதம் எத்தினியோ இருக்குது. நான் சொன்னத ஒருத்தர் எழுதினது இதான் மொத தடவ. வாங்கியாந்து படிச்சுக் காட்டுறியா?"

திங்கட்கிழமை மத்தியானம் அவருடைய செக்ஷனுக்குப் போனேன். டிபன் டப்பாவை மூடிவிட்டு விஷயத்தைக் கேட்டார். தாளைக் கிழித்துத் தரமாட்டேன் என்றுவிட்டார். "ஒரு தாளக் கிழிச்சா அதுக்கு எதுத்த தாளும் கழண்டு வரும். அதுல ஒரு போஸ்ட்மாஸ்டர் இருக்காரு" என்றார். ஒரு பழைய சர்க்குலரின் பின்பக்கத்தில் தன் கையாலேயே பார்த்து எழுதிக் கொடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குடிசை வாசலில் நல்ல வெயில். அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். நான் தாளைப் பிரித்து வாசித்தேன். பிறந்த ஊர் சின்னசேலம் பக்கம். "ஆமா" என்றாள். முதல் வேலை, ஏழு வயதில் களை பறித்தது. "ஆமா." கவலை, கிழிந்த தார்ப்பாய், மகன் தலையில் பனி. "ஆமா, அப்பிடித்தான் சொன்னேன்."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன். "மகன் டில்லியில்தான் இருக்கிறான். நம் சங்கத்து உறுப்பினர்."

முறத்தில் அம்மாவின் விரல்கள் நின்றன.

"இத நான் சொல்லலியே?"

"இல்லம்மா. அது நான் சொன்னது."